மதுரை வெயிலில் ஆரஞ்சரி கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருக்கிற வீட்டோடு கூடுதலாக ஓர் அறை இழுத்துக் கட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. திருநகர், ஆனையூர், அய்யர்பங்களா, ஒத்தக்கடை என்று எங்கே போனாலும் கொஞ்ச காலமாக ஒரே மாதிரிப் படத்தைத்தான் போனில் காட்டுகிறார்கள். உயரமான சன்னல்கள், கூரை நடுவில் கண்ணாடி, கீழே தொட்டித் தொட்டியாகச் செடிகள், ஓரமாக ஒரு பிரம்பு நாற்காலி. வெளிநாட்டில் இருக்கும் மகளோ மருமகனோ அனுப்பிய படமாக இருக்கும். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் படத்தில் இருப்பதை அப்படியே இங்கே கட்டினால் பங்குனியில் சாத்திய கதவை ஆடி முடிந்துதான் திறப்பீர்கள், கொஞ்சம் மாற்றிக் கட்டினாலோ வீட்டில் எல்லோரும் போய் உட்காரும் இடம் அதுவாகிவிடும். என்ன மாற்ற வேண்டும் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

ஆரஞ்சரின்னா என்ன சார்? கண்ணாடி ரூமைத்தானே அப்படிச் சொல்றாங்க?

முழுக்கக் கண்ணாடியால் ஆன அறை கன்சர்வேட்டரி. ஆரஞ்சரி வேறு. அதில் செங்கல் அல்லது கல் தூண்கள் இருக்கும், தூண்களுக்கு நடுவே உயரமான சன்னல்கள் இருக்கும், கூரை பெரும்பாலும் கெட்டிக் கூரை. இப்போது கட்டுகிறவர்கள் கூரையின் நடுவில் மட்டும் ஒரு கண்ணாடிக் கூண்டு வைக்கிறார்கள், அதை லான்டர்ன் என்பார்கள்.

ஐரோப்பாவில் பணக்காரர்கள் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைப் பெரிய பெட்டிகளில் வளர்த்தார்கள். பனிக்காலத்தில் அவை கருகிவிடும் என்பதால் உள்ளே தள்ளி வைக்க ஒரு கட்டடம் தேவைப்பட்டது. பிரான்சில் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டிய ஆரஞ்சரி இன்றும் இருக்கிறது. அதன் கூரை கல் வளைவு, கண்ணாடி சன்னல்களில் மட்டும்தான். கூரைக்கும் கண்ணாடி போடுவது பெரிதாகப் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து, இரும்புச் சட்டங்கள் வந்து, இங்கிலாந்தில் 1845-இல் கண்ணாடி வரியையும் எடுத்த பிறகு. பழைய ஆரஞ்சரியின் இந்தக் கெட்டிக் கூரைதான் நமக்கு வேண்டியது, கீழே பல பதில்களில் திரும்பத் திரும்ப இதற்கே வருவேன்.

குளிர் தாங்காம கட்டினது அது. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குண்ணே?

நியாயமான கேள்வி. அங்கே அந்த அறையின் வேலை வெயிலைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வது. இங்கே அதன் வேலை வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டு, வெயிலைத் தடுத்து, சூடான காற்றை வெளியே தள்ளுவது. உருவம் அதுவாகவே இருக்கட்டும், வேலையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கெட்டிக் கூரை, தடித்த தூண், உயரமான திறப்பு என்ற மூன்றும் நமக்கு அந்நியமும் இல்லை. 1636 வாக்கில் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் சுற்றிலும் பருத்த தூண்கள், உயரத்தில் வளைவுகள், நடுவில் திறந்த முற்றம். உச்சி வெயிலில் அங்கே தூண்களுக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள், கண் கூசாத வெளிச்சமும் இருக்கும், நிழலும் இருக்கும்.

முழுக் கண்ணாடிக் கூரை ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கோடையில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 900 வாட் சூட்டைக் கொட்டுகிறது. பத்துக்குப் பத்து அறையின் கூரை ஏறக்குறைய 9 சதுர மீட்டர். சாதாரணக் கண்ணாடி அந்தச் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும், அதாவது ஆறரை கிலோவாட்டுக்குக் கிட்டே. ஒரு டன் ஏசி வெளியேற்றுவது மூன்றரை கிலோவாட். ஆக அந்தக் கூரை வழியாக மட்டும் வருகிற சூட்டை இறக்கவே இரண்டு டன் ஏசி ஓட வேண்டும், சுவர்ச் சூடும் உள்ளே இருக்கிற ஆட்களின் சூடும் தனி.

அப்ப வீட்டுல எந்தப் பக்கம் கட்டுறது? எங்களுக்கு மேற்குலதான் இடம் கெடக்கு.

இருப்பதிலேயே முக்கியமான கேள்வி இதுதான், இதில் கோட்டை விட்டால் அப்புறம் எவ்வளவு பணம் போட்டாலும் சரியாகாது.

மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறப்பை ஒட்டி ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு முறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள நான்கரை மாதமும் நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்கே சாயும்போது ரொம்பச் சாய்வதில்லை, ஜூன் மாதத்தில் அதிகபட்சம் பதின்மூன்றரை டிகிரிதான். அதனால் வடக்குப் பார்த்த கண்ணாடிக்கு இரண்டடி சன்ஷேடு நீட்டினால் எட்டடி உயரம் வரைக்கும் உச்சி வெயில் மேலே படாது. காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்வெயில் வரும், அதற்கு ஓரங்களில் ஒன்றரை அடி தடுப்புச் சுவர் இழுத்தாலோ ஒரு கொடியை ஏற்றிவிட்டாலோ போதும். எனவே முதல் இடம் வடக்கு. அடுத்து கிழக்கு, காலை வெயில் பத்து மணிக்கு மேல் மெல்ல விலகிவிடும். தெற்கு பரவாயில்லை, மார்கழி தையில் வெயில் உள்ளே வரும், அந்த மாதங்களில் அது யாருக்கும் கசக்காது.

மேற்கில் கண்ணாடி வைக்காதீர்கள். மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை வெயில் தாழ்ந்து நேராக உள்ளே அடிக்கும், எந்தச் சன்ஷேடும் அதைத் தடுக்காது. மேற்கில் மட்டும்தான் இடம் என்றால் மேற்குச் சுவரைக் கெட்டியாக எழுப்பி, அந்த அறையின் வடக்கு முகத்தில் மட்டும் சன்னல் வையுங்கள். வெளியே மேற்கில் ஒரு வேம்போ புங்கமோ நட்டுவிடுங்கள். புங்க நிழல் அடர்த்தி, சீக்கிரமும் வளரும்.

வாஸ்து பார்க்கணும்னு மாமியார் சொல்றாங்க...

பாருங்கள். ஈசானி மூலை திறப்பாகவும் பாரம் குறைந்தும் இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். வடக்கும் கிழக்கும் கண்ணாடி வைக்க ஏற்ற பக்கம் என்று மேலே சொன்னதோடு இது ஒத்துப்போகிறது, சண்டைக்கே இடமில்லை.

கூரையில கொஞ்சம்கூடக் கண்ணாடி வேணாமா? அது இல்லாட்டி அழகே போயிருமே!

வேண்டாம் என்று சொல்லவில்லை, படுக்கை வசத்தில் வேண்டாம் என்கிறேன். கெட்டிக் கூரை போட்டு நடுவில் ஒரு மூன்றடிக்கு ஆறடி கூண்டைக் கூரைக்கு மேலே இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். கூண்டின் தலையைக் கெட்டியாக மூடி ஓரத்தை நன்றாக நீட்டிவிடுங்கள். அதன் பக்கங்களில் வடக்கிலும் கிழக்கிலும் கண்ணாடி, தெற்கிலும் மேற்கிலும் லூவர், அதாவது சாய்வுப் பட்டிகளைத் திருப்பித் திறந்து மூடும் சன்னல். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து கூண்டின் வெள்ளைச் சுவரில் பட்டு இறங்கும். அந்த வெளிச்சம் படத்தில் பார்த்ததைவிட மென்மையாக இருக்கும், இது என் கருத்து.

லூவர் எதற்கென்றால், சூடான காற்று மேலேதான் ஏறும். அறையின் மிக உயரமான இடத்தில் அதற்கு வழி இல்லையென்றால் உங்கள் தலைக்கு மேலேயே தங்கி மெல்லக் கீழே இறங்கும். கீழே, தரையிலிருந்து ஓரடி ஒன்றரை அடி உயரத்தில், நிழலான பக்கத்தில் காற்று உள்ளே வரத் திறப்பு, உச்சியில் வெளியேறத் திறப்பு. மேல் திறப்பு கீழ்த் திறப்பைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உயரம் கூடக் கூடக் காற்று நன்றாக இழுக்கும், அதனால் கூரையைப் பத்தடியில் நிறுத்தாமல் பதினொன்று, பன்னிரண்டு அடிக்கு ஏற்றச் சொல்கிறேன். மேலே வெள்ளைத் தட்டோடு பதித்துவிட்டால் கான்கிரீட் சூடும் குறையும்.

பாலிகார்பனேட் ஷீட் போட்டா பாதி விலைதானே? அதப் போடக் கூடாதா?

போடலாம், தெரிந்து போடுங்கள். அது கண்ணாடி மாதிரிச் சட்டென்று உடையாது, எடை குறைவு, அடியில் இரும்பும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். பத்தடி ஷீட் ராத்திரிக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவே ஏழு எட்டு மில்லிமீட்டர் நீண்டு சுருங்குவது சாதாரணம். வெல்டிங் பட்டறைக்காரர் திருகாணிக்குச் சரியான அளவில் துளை போட்டு இறுக்கிவிட்டால் ஒரு கோடையிலேயே துளையிலிருந்து விரிசல் கிளம்பும். துளை பெரிதாக இருக்க வேண்டும், ரப்பர் வாஷர் வேண்டும். ஷீட்டின் ஒரு பக்கத்தில்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இருக்கும், ஒட்டியிருக்கிற தாளில் எது மேல்பக்கம் என்று அச்சிட்டிருப்பார்கள். தாளைக் கிழித்துவிட்டு மாற்றிப் போட்டால் சீக்கிரமே மஞ்சளடித்துப் பொரிந்துபோகும். மழை பெய்தால் பயங்கரச் சத்தமும் உண்டு.

கண்ணாடி என்றால் தலைக்கு மேலே வருவது லேமினேட்டட்தான், இதில் பேரமே கிடையாது. டஃபன்டு, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கெட்டிப்படுத்திய கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலு, ஆனால் உடைந்தால் கல்கண்டு மாதிரிப் பொலபொலவென்று மொத்தமும் கொட்டும், சில சமயம் காரணமே தெரியாமல் தானாக வெடிப்பதும் உண்டு. லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு படலம் ஒட்டியிருப்பதால் உடைந்தாலும் விழாமல் அப்படியே நிற்கும். பக்கச் சன்னலுக்கு டஃபன்டு போதும். அதைத் தயாரான பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, அதனால் சட்டம் முழுக்கப் பொருத்தி முடித்த பிறகு அளவெடுத்து ஆர்டர் கொடுங்கள்.

எப்படியும் ஏசி போடத்தான் போறோம். அப்புறம் எதுக்கு இந்தத் திசை, லூவர் எல்லாம்?

இரண்டாவது கேள்வியில் போட்ட கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். ஏசி அறைக் காற்றைத்தான் குளிர்விக்கும், தலையில் நேராக அடிக்கிற வெயிலை அல்ல, 24-இல் வைத்திருந்தாலும் தோள் எரியும். செடிகளுக்கும் ஏசிக் காற்று ஆகாது, இலை நுனி காய்ந்துபோகும். வடக்குப் பார்த்து, கெட்டிக் கூரை போட்டு, மேலே காற்று போக வழியும் வைத்தால் ஒரு மின்விசிறியோடு ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கலாம். கத்திரி வெயிலின் மத்தியானங்களில் மட்டும் உள்ளே உட்கார முடியாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பழைய சுவத்தோட ஒட்டிக் கட்டுனா விரிசல் விட்ரும்னு கொத்தனார் சொல்றாரு. நெசமா?

நிஜம்தான். உங்கள் வீடு உட்கார வேண்டிய அளவுக்கு எப்போதோ உட்கார்ந்துவிட்டது, புது அறை இனிமேல்தான் உட்காரும். பழைய சுவரில் புதுச் செங்கல்லைப் பல் மாதிரிச் செருகி இரண்டையும் பிணைத்தால் ஒன்று இறங்கும்போது மற்றொன்று கிழியும். அதனால் பழைய சுவரில் பாரம் ஏற்றாமல் புது அறைக்குத் தனித் தூண், தனிக் கடைக்கால் (அஸ்திவாரம்) கொடுத்து, நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதில் அமுங்கக்கூடிய ஃபோமும் வெளிப்புறம் இழுபடும் சீலன்ட்டும் வைக்க வேண்டும். சிமென்ட் வைத்து அடைத்தால் இடைவெளி விட்டதற்கே அர்த்தமில்லை.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல் மண். மழையில் ஊதி, கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். சின்ன அறைதானே என்று அங்கே கடைக்காலுக்கு இரண்டடிக் குழி தோண்டி நிறுத்தவே கூடாது. பிளவு இறங்கும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும், ஆழம் அதிகமென்றால் அண்டர் ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் அடிப்பக்கம் குமிழாக விரிந்த கான்கிரீட் தூண், போட்டுவிடுவது நல்லது. கரிசல் மண்ணையே திரும்பக் கொட்டித் தரைக்குக் கீழே நிரப்பவும் கூடாது. செடிக்கு ஊற்றும் தண்ணீர் கடைக்கால் பக்கம் போகாமல் வடிகாலும் வையுங்கள், மண் ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்தால் அறை சாயும்.

ஐப்பசி மழைக்கு ஒழுகாம இருக்குமா?

ஒழுகினால் பெரும்பாலும் கண்ணாடியில் ஒழுகாது, புதுக் கூரையும் பழைய சுவரும் சேரும் இடத்தில்தான் ஒழுகும். பழைய சுவரில் நீளவாக்கில் ஒரு காடி (ஒடுங்கிய பள்ளம்) வெட்டி, அதில் அலுமினியத் தகட்டைச் செருகி, புதுக் கூரையின் மேல் மடித்துவிட வேண்டும். வெறும் சிலிகானை நம்பினால் இரண்டு கோடையில் உரிந்துவிடும். கண்ணாடிக்கு அடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு கொடுங்கள், தேங்கினால் அழுக்குக் கோடு விழும்.

கூரைத் தண்ணீரைத் தெருவில் விடாமல் மழைநீர்த் தொட்டியோடு சேர்த்துவிடுங்கள். அப்புறம் காற்று. ஆடிக் காற்று லேசான கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும், அதனால் ஷீட் கூரை என்றால் தூணின் அடியில் நங்கூரப் போல்ட் கான்கிரீட்டில் புதைந்திருக்க வேண்டும்.

இதுக்கெல்லாம் பர்மிஷன் வாங்கணுமா? தோட்டத்துல செடி வைக்கத்தானே கட்டுறோம்!

கூரையும் சுவரும் இருந்தால் அது கட்டடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடம் உண்டு. நம் ஊரில் இந்த அறைக்கு ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கண் வைப்பது அந்தக் காலியிடத்தில்தான், அங்கே கட்டக் கூடாது. மீதி இடம் இருந்தால், மனையின் அளவுக்கு எவ்வளவு தளப் பரப்பு கட்டலாமோ அதற்குள் வருகிறதா என்று பார்த்து, திருத்திய வரைபடத்தை மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ கொடுத்து அனுமதி வாங்குங்கள். சொத்து வரியும் கூடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது, புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

மொட்டைமாடி காலியாத்தான் கெடக்கு. மேலயே போட்டுக்கலாமே?

போடலாம், மூன்று விஷயம் பார்த்துவிட்டு. ஒன்று, ஈர மண் நிறைத்த தொட்டிகளின் எடை. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும், அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல் உத்திரத்துக்கு மேல் வையுங்கள், பழைய வீடென்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். இரண்டு, கீழே மரமோ பக்கத்து வீடோ தரும் நிழல் மாடியில் கிடையாது, மேலே சொன்ன எல்லாக் கவனமும் இங்கே இரட்டிப்பாகும். மூன்று, மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்களுக்கு 9 மீட்டர் உயர வரம்பு உண்டு. மாசி வீதி, வெளி வீதிப் பக்கம் இருப்பவர்கள் மாடிக்கு மேல் எதையும் எழுப்பும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்க தாத்தா வீட்டுல முற்றம் இருக்கு. அதுக்கு மேல கண்ணாடி போட்டு மூடிட்டா ஆரஞ்சரி ஆயிரும்ல?

இதைக் கேட்டால் மட்டும் எனக்கு மனசு பதறும். முற்றம்தான் அந்த வீட்டின் மூச்சு. நாலு பக்கத் தாழ்வாரத்துச் சூடும் அதன் வழியாகத்தான் மேலே போகிறது. கண்ணாடியால் இறுக்கி மூடினால் முற்றத்தோடு சேர்ந்து சுற்றியுள்ள அறைகளும் வேகும், இருபது வருடம் ஏசி இல்லாமல் இருந்தவர்கள் ஏசி வாங்குவார்கள். மழைச்சாரலுக்குத்தான் மூட வேண்டும் என்றால் கண்ணாடியை ஓட்டு விளிம்பிலிருந்து இரண்டடி உயரத்தில் தூக்கி நிறுத்தி, நாலு பக்கமும் திறந்து, கம்பி வலை மட்டும் அடியுங்கள். ஓரம் ஓட்டுக்கு வெளியே மூன்றடியாவது நீண்டிருக்கட்டும். கண்ணாடிக்குக் கீழே கோடையில் இழுத்துவிட ஒரு வெள்ளைத் துணிப் பந்தல் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய தரை இருந்தால் அதைப் பெயர்க்காதீர்கள்.

உள்ள ஆரஞ்சு மரம் காய்க்குமா?

வடக்குப் பார்த்த நிழல் அறையில் காய்க்காது. ஆரஞ்சு, எலுமிச்சை, நார்த்தை எதுவானாலும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கமலா ஆரஞ்சுக்கு நிறம் ஏறக் குளிர்ந்த இரவும் வேண்டும், அதனால்தான் அது தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மலையில் வந்தது. நம்மூர் எலுமிச்சைக்குக் கூரையே தேவையில்லை, வாசலில் வையுங்கள். மல்லிகையும் அப்படியே. உள்ளே வைத்தால் இலை செழிக்கும், மொட்டு வராது.

ஐரோப்பாவில் பனிக்குப் பயந்து மரத்தை உள்ளே வைத்தார்கள், நாம் வெயிலுக்குப் பயப்படும் செடிகளை உள்ளே வைப்போம். கொடைக்கானல் போய்விட்டு ஆசையாக வாங்கிவந்து சித்திரையில் கருகும் பெரணி, பிகோனியா எல்லாம் இங்கே வந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆந்தூரியம், ஆர்க்கிட், அக்லோனிமா நன்றாக வரும். ஈரப்பதத்துக்குத் தொட்டிகளின் அடியில் கூழாங்கல் தட்டில் தண்ணீர் நிறுத்தலாம், கொசு வராமல் தண்ணீர் கல்லுக்குக் கீழேயே இருக்க வேண்டும். காற்று ஓடாத வறண்ட மூலையில் செஞ்சிலந்திப் பேனும் மாவுப்பூச்சியும் வரும், இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒரு முறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, தேவைப்பட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள்.

போர்த் தண்ணி பட்டுக் கண்ணாடி எல்லாம் வெள்ளை வெள்ளையா இருக்கே...

உப்பு. காயும் முன்னால் துடைத்தால் வராது. படிந்துவிட்டால் வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்துத் துடையுங்கள், கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். செடிக்கும் கண்ணாடிக்கும் மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டால் தொல்லையே இல்லை.

அழகர்கோவில் பக்கம் வீடு. குரங்கு விடுமா?

மெல்லிய பாலிகார்பனேட் ஷீட் குரங்கு குதித்தால் தாங்காது. லேமினேட்டட் கண்ணாடி தாங்கும். லூவருக்கு வெளியே கெட்டியான கம்பி வலை கட்டாயம், ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் தொட்டி ஒன்று மிஞ்சாது. திருப்பரங்குன்றத்துக்காரர்களுக்கும் இதேதான்.

மொத்தம் எவ்வளவுண்ணே ஆகும்? சதுர அடிக்கு ஒரு ரேட்டு சொல்லுங்க.

சதுர அடி விலை இதற்கு ஏமாற்றும். நூறு சதுர அடி அறையில் தரை கொஞ்சம், சுவர் கொஞ்சம், காசெல்லாம் சன்னல் சட்டத்திலும் கண்ணாடியிலும்தான் போகும். அதனால் கடைக்கால், கெட்டிக் கூரை, சன்னல், மேல் கூண்டு என்று நாலாகப் பிரித்து விலை கேளுங்கள். பணம் இடித்தால் கூண்டை விட்டுவிடுங்கள், கூண்டுக்குப் பதில் உச்சியில் சிமென்ட் ஜாலி வைத்து வெண்டிலேட்டர் கட்டினாலும் காற்று போகும். கடைக்காலிலும் கூரைக் கண்ணாடியின் தரத்திலும் மட்டும் கை வைக்காதீர்கள். யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டமா அலுமினியமா என்றால் நம் வெயிலுக்குப் பெரிய சன்னல்களுக்கு அலுமினியம்தான் என் தேர்வு, உயரமான பலகைக்கு வளையாமல் நிற்கும்.

நாங்க ஏற்கெனவே முழுக் கண்ணாடியில கட்டிட்டோம் சார், அதுவும் மேற்குப் பார்த்து. உள்ள நிக்க முடியல. இடிக்கணுமா?

இடிக்க வேண்டாம், பெரும்பாலானதைச் சரிசெய்துவிடலாம். உள்ளே திரை போடுவதைக் கடைசியாக வையுங்கள், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு திரை என்ன தடுத்தாலும் சூடு அறைக்குள்தான் இருக்கும். முதலில் வெளியே நிழல். கூரைக் கண்ணாடிக்கு ஓரடி மேலே பைப் அடித்து 75 சதவீத நிழல்வலை கட்டுங்கள், வலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று ஓட வேண்டும், ஒட்டிப் போர்த்தக் கூடாது. மேற்கு முகத்துக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டியோ மூங்கில் தட்டியோ இறக்கிவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு நனைத்துவிடுங்கள்.

அடுத்து காற்று. கூரையின் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பலகையைக் கழற்றி அங்கே லூவர் போடுங்கள், கீழே எதிர்ப்பக்கம் ஒன்று. டஃபன்டு கண்ணாடியில் துளை போட முடியாது என்று சொன்னேன் அல்லவா, அதனால் பலகையையே மாற்ற வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் செய்து ஒரு கோடை பாருங்கள். அப்போதும் தாங்கவில்லை என்றால் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூரைக் கண்ணாடியை மட்டும் இறக்கி, காப்பு நுரை வைத்த தகட்டுக் கூரைக்கு மாறுங்கள். இறக்கிய கண்ணாடி லேமினேட்டட் என்றால் பத்திரமாக எடுத்து வையுங்கள், அதே அளவுக்கு வடக்குச் சுவரில் சட்டம் அடித்து வைத்துக்கொள்ளலாம்.